மண்வெட்டியை டாக்டரிடம் காட்டினீர்களா?

காவிரிப் படுகை மாவட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அரசு குற்றவியல் வழக்கறிஞரின் வேலையைப் பற்றியவை. வக்கீல்களும் எழுதியிருக்கிறார்கள், சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். செசன்ஸ் வழக்குகளை நடத்தும் மூத்த வழக்கறிஞர்கள் பதில் தருகிறார்கள்.

கும்பகோணம் கோர்ட்டில் ஆறு வருஷமாக கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். அரசு வழக்கறிஞராக வர ஆசை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதுவதா, செசன்ஸ் கோர்ட் நியமனத்துக்குக் காத்திருப்பதா?
- ச.வெ., கும்பகோணம்

இரண்டும் வேறு வேறு பாதை. குற்றவியல் நடுவர் கோர்ட்டுகளில் வழக்கு நடத்துபவர் உதவி அரசு வழக்கறிஞர், நிலை 2. அது டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் நிரந்தரப் பணி. சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, கிரிமினல் கோர்ட்டில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத தொழில், தமிழறிவு ஆகியவை வேண்டும். உங்களுக்குத் தகுதி இருக்கிறது.

செசன்ஸ் கோர்ட்டில் ஆஜராகும் அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு வழக்கறிஞர் பதவிகளுக்கு பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 18-ஆம் பிரிவின்படி ஏழு வருஷத் தொழில் வேண்டும். கலெக்டர், செசன்ஸ் நீதிபதியைக் கலந்து பெயர்ப் பட்டியல் தயாரிப்பார்; அரசு நியமிக்கும். அரசு மாறினால் ஆளும் மாறக்கூடிய இடம் அது. சிறப்பு அரசு வழக்கறிஞருக்குப் பத்து வருஷம்.

எங்கள் யோசனை, தேர்வை எழுதிவிடுங்கள். நடுவர் கோர்ட்டில் ஒரு நாளைக்கு நாற்பது வழக்குக் கட்டைப் புரட்டிப் பழகியவருக்குக் குற்றப்பத்திரிகையில் ஓட்டை எங்கே என்று கை தானாகப் போகும். அந்தப் பழக்கம் பிறகு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் கூட வரும்.

வரப்புத் தகராறில் மண்வெட்டியால் அடித்துக் கொலை. முதல்முறையாக இப்படி ஒரு செசன்ஸ் கட்டு என் கைக்கு வந்திருக்கிறது. சாட்சி விசாரணைக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- புதிதாகப் பொறுப்பேற்ற கூடுதல் அரசு வழக்கறிஞர், திருவாரூர் மாவட்டம்

முதலில் தேதியைப் பாருங்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் குற்றப்பிரிவு இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 302, அன்றைக்கோ அதற்குப் பிறகோ என்றால் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 103. ஜூன் 30 ராத்திரி அடிதடி, ஜூலை 1 காலை எஃப்.ஐ.ஆர். என்றால் குற்றம் பழைய சட்டத்திலும் நடைமுறை புதிய சட்டத்திலும் போகும். குற்றச்சாட்டு வனையும்போதே இதைச் சரிபார்க்காவிட்டால் பின்னால் திருத்த மனு போட்டு அலைய வேண்டும்.

அடுத்து எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் பதிவான நேரத்தையும், நடுவர் அதில் சுருக்கொப்பமிட்டு எழுதியிருக்கும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி 9 மணிக்குப் பதிவான எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். (நடுவருக்கு உடனே போக வேண்டியது) மறுநாள் மதியம் நடுவர் வீட்டுக்குப் போயிருந்தால், நடுவிலிருந்த நேரத்தில் பெயர்களைச் சேர்த்தார்கள் என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் குறுக்குக் கேள்வியாக இருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து பாலம் மூழ்கியதா, பஸ் இல்லையா, எதுவாக இருந்தாலும் அதைக் கொண்டுபோன காவலர் சாட்சியாகச் சொல்ல வேண்டும். வாதத்தில் நீங்கள் சொன்னால் அது சாட்சியம் ஆகாது.

பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு) மாதிரி வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் கண்ட சாட்சி எங்கே நின்றார் என்று பாருங்கள். வரைபடத்தில் மின்கம்பம் இருக்கிறதா? எத்தனை அடி தூரம்? ‘நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்’ என்று வாக்குமூலம் இருந்தால் அன்றைய திதியைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் பார்த்திருப்பார்.

தண்ணீர் கட்டிய வயலில் ரத்தக்கறை மண் எடுப்பது சிரமம். எடுத்த ஈரச் சேற்றை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து, ஆய்வகத்திலிருந்து ‘கண்டறிய இயலவில்லை’ என்று பதில் வரும். நிழலில் உலர்த்தித் தாளில் பொதிந்திருக்க வேண்டும். கறை படியாத மண்ணும் தனிப் பொட்டலமாக இருக்க வேண்டும். பொருள் கைப்பற்றிய தேதி, படிவம் 95-இல் கோர்ட்டுக்கு வந்த தேதி, தஞ்சாவூர் வட்டார ஆய்வகத்துக்குக் கோர்ட் வழியாகப் போன தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இடையில் பத்து நாள் காணாமல் போயிருந்தால் மண்வெட்டி எங்கே, யார் பொறுப்பில், என்ன முத்திரையில் இருந்தது என்று புலன்விசாரணை அதிகாரியிடம் முதல் விசாரணையிலேயே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

இப்போது மண்வெட்டி. அதில் தகட்டின் கூர்வாய் ஒரு பக்கம். காம்பு செருகும் காது மறுபக்கம். சாட்சி ‘திருப்பிப் போட்டு அடித்தார்’ என்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கை ‘வெட்டுக்காயம்’ என்கிறது. இதைப் பார்த்து வழக்கு போச்சு என்று நினைக்க வேண்டாம். மண்டையில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால், மழுங்கிய பக்கம் பட்டாலும் தோல் கீறியதுபோல நேராகப் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் விளிம்பு நசுங்கியிருப்பதும், முடிவேர் நைந்திருப்பதும், காயத்துக்குள் நார்போலத் திசு பாலம் கட்டியிருப்பதும் தெரியும். டாக்டர் கூண்டில் நிற்கும்போது சா.பொ. (சான்றுப் பொருள்) எண்ணைச் சொல்லி மண்வெட்டியைப் பிரித்துக் கையில் கொடுங்கள். ‘இதன் இந்தப் பக்கத்தால் அடித்தால் இந்தக் காயம் ஏற்பட வாய்ப்புண்டா?’ என்று கேளுங்கள். ஆயுதத்தை மருத்துவச் சாட்சிக்குக் காட்டிக் கருத்துக் கேட்பது அரசுத் தரப்பின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் சாக்குப் பையைப் பிரிக்காமலேயே டாக்டரை அனுப்பிவிடுகிற வழக்குகள் இன்றைக்கும் உண்டு. இது எங்களுக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். ஐந்து நிமிட வேலை. அதை விட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் நமக்கு எதிராக ஒரு பத்தி அதற்கே போய்விடும்.

எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) உடம்பிலும் காயம் இருக்கிறதா என்று அவருடைய காயச் சான்றைத் தேடுங்கள். மடைத் தண்ணீருக்கு நடந்த சண்டையில் ஒரு பக்கம் மட்டும் அடிபட்டது என்பது அபூர்வம். எதிர்வழக்கு (அதே சண்டைக்கு எதிரி தரப்பு கொடுத்த புகாரில் பதிவான வழக்கு) இருந்தால் காவல் நிலை ஆணை 588-ஏ படி இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, எதிர்ப் புகாரையும் இரு தரப்புக் காயச் சான்றுகளையும் கோர்ட் முன் வைத்திருக்க வேண்டும். அவற்றை மறைத்தால் உங்கள் சாட்சிகள் எல்லோருமே பொய் சொல்வதாக ஆகிவிடும். திடீர்ச் சண்டை, முன்திட்டம் இல்லை, கைக்கு அகப்பட்டது மண்வெட்டி, ஒரே அடி என்று சாட்சியம் வந்தால் அது பி.என்.எஸ். 101-ஆம் பிரிவின் 4-ஆவது விதிவிலக்கில் வந்து, கொலையாகாத மரணம் விளைத்தலுக்கான 105-க்கு இறங்கும். அதை நீதிபதியிடம் நேராகச் சொல்லுங்கள். கொலை என்றே பிடிவாதமாக வாதாடி முழு விடுதலையில் முடிவதைவிட அது நியாயம். அரசு வழக்கறிஞர் கோர்ட்டுக்கு உண்மையை எடுத்து வைக்க வந்தவர். தண்டனைக் கணக்கு அவருடைய கணக்கல்ல.

என் அப்பா ஒரு கொலை வழக்கில் நேர் சாட்சி. மூன்று வருஷம் கழித்து இப்போது சம்மன் வந்திருக்கிறது, அதுவும் சம்பா அறுப்பு சமயத்தில். பாதி மறந்துவிட்டது என்கிறார். ஸ்டேஷனுக்கு வந்தால் ‘சொல்லித் தருகிறோம்’ என்கிறார்கள். போகலாமா?
- பெயர் வேண்டாம், வலங்கைமான் பக்கம்

ஸ்டேஷனுக்கு வேண்டாம். 2024 ஏப்ரலில் தமிழ்நாட்டுக் கொலை வழக்கு ஒன்றில், சாட்சிகளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து எப்படிச் சாட்சி சொல்வது என்று பாடம் நடத்தியது வெளியில் வந்தது. உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, மேல்முறையீடு செய்த எதிரிகளை விடுதலை செய்தது. உங்கள் அப்பாவுக்கு உதவுவதாக நினைத்துச் செய்வது வழக்கையே கவிழ்த்துவிடும்.

சாட்சி நாளன்று காலை பத்து மணிக்கு முன்னாலேயே அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அப்பாவை அழைத்துப் போங்கள். அவர் முன்பு போலீஸிடம் சொன்னதும், நடுவரிடம் பி.என்.எஸ்.எஸ். 183-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 164) சொல்லியிருந்தால் அதுவும் கட்டில் இருக்கும். வாசித்துக் காட்டி ஞாபகப்படுத்துவது தப்பில்லை. இல்லாததைச் சேர்க்கச் சொல்வதுதான் தப்பு. போலீஸ் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது என்பது சட்டம்; எவரும் கேட்டால் அப்பா போட வேண்டாம்.

கூண்டில் மறந்ததை ‘ஞாபகம் இல்லை’ என்று சொல்லலாம். ‘எத்தனை மணி?’ என்றால் ‘மாடு பிடித்துக் கட்டுகிற நேரம்’ என்பதே போதும். கடிகாரம் பார்க்காதவர் 6.40 என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில். பார்க்காததைக் கேள்விப்பட்டேன் என்று சேர்க்க வேண்டாம்.

அறுப்பைப் பற்றி: தேதி ஒத்துவராவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள், பிடி ஆணை வரும். கோர்ட் காவலர் மூலம் அரசு வழக்கறிஞருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு நாள் கூலி போவதற்கு பி.என்.எஸ்.எஸ். 350-ஆம் பிரிவில் சாட்சிச் செலவு கேட்கலாம்; அன்றே நீதிபதியிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் அரசு வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: கூலிக்காரச் சாட்சிகளைத் தை மாதத்திலும் குறுவை நடவு நாட்களிலும் மூன்று முறை வரவழைத்துத் திருப்பி அனுப்பினால், நாலாவது முறை வருகிறவர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாகத்தான் வருவார்.

எதிரியின் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறார்கள். சாட்சிக்குப் பாதுகாப்பு உண்டா?
- மன்னார்குடி வாசகி

உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையில் குழு இருக்கும். மாவட்டக் காவல் தலைவர் உறுப்பினர், மாவட்ட அரசுத் தரப்பின் தலைவர் உறுப்பினர்-செயலர். மனுவை அவர் வழியாகக் கொடுங்கள். மிரட்டிய தேதி, வண்டி எண், போன் அழைப்பு விவரத்தோடு எழுதுங்கள். டி.எஸ்.பி.யின் அச்சுறுத்தல் அறிக்கை ஐந்து வேலை நாளில் வர வேண்டும். மிரட்டலுக்குத் தனிப் புகாரும் கொடுத்து, ஜாமீனை ரத்து செய்ய மனு போடும்படி அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கொள்ளிடம் மணல் திருட்டு வழக்குகள் ஏன் நிற்பதே இல்லை?
- ரா.கு., பாபநாசம் வட்டம்

பெரும்பாலும் இரண்டு காரணம். முதலாவது, கனிமச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி அதிகாரம் பெற்ற அலுவலர் கோர்ட்டில் எழுத்து மூலம் முறையீடு கொடுத்தால்தான் அந்தச் சட்டக் குற்றத்தைக் கோர்ட் ஏற்க முடியும். போலீஸ் குற்றப்பத்திரிகையில் அந்தப் பிரிவைச் சேர்த்து எழுதினால் மட்டும் போதாது. ஆனால் திருட்டுக் குற்றத்துக்குப் போலீஸ் குற்றப்பத்திரிகையே போதும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமாதானத் தொகை கட்டி கனிம வழக்கை முடித்துக்கொண்டாலும் திருட்டு வழக்கு அதனால் போகாது என்பது 2020 தீர்ப்பு. ஆகவே இரண்டு தடத்திலும் தாள் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மகஜர். ‘சுமார் ஒரு யூனிட் மணல்’ என்று எழுதினால் அளக்கவில்லை என்று அர்த்தம். யூனிட் என்றால் 100 கன அடி. வண்டிப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நின்ற உயரம் மூன்றையும் டேப் பிடித்து எழுத வேண்டும்: 10 அடி, 5 அடி, 2 அடி என்றால் கணக்கு நேராக வரும். மணல் எடுத்த குழி எந்தப் புல எண், கிராம நிலங்களின் அ-பதிவேட்டில் ஆற்றுப் புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். இல்லாவிட்டால் பட்டா நிலத்து மண் என்று சொல்லிவிடுவார்கள். கொள்ளிடத்தில் ஒரு கரை தஞ்சாவூர், மறு கரை அரியலூர். நடு ஆற்றில் பிடித்தால் எந்த ஸ்டேஷன் எல்லை என்பதற்கும் வரைபடம் வேண்டும். டிரைவரோடு நின்றுவிடாமல் வண்டியின் ஆர்.சி. யார் பேரில் என்றும் விசாரித்திருக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகை போடும் முன்பே அரசு வழக்கறிஞர் போலீஸுக்கு உத்தரவு போடலாமே?
- த.இ., நாகப்பட்டினம்

போடக்கூடாது. புலன்விசாரணை போலீஸின் வேலை. யாரை எதிரியாகச் சேர்ப்பது என்பதில் அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கட்டாயமாக்க முடியாது என்று 2000-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குறை சுட்டிக்காட்டலாம். சி.சி.டி.வி. பதிவுக்கு பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இரண்டு பகுதியும் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) இருக்கிறதா, கேமராவின் கடிகாரம் எத்தனை நிமிடம் தப்பாக ஓடியது என்று எழுதியிருக்கிறார்களா என்பதைக் கட்டு வந்த வாரமே பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு பார்த்தால் கேமராப் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறியிருக்கும்.

என் தம்பியைக் கொன்ற வழக்கில் எதிரிகள் விடுதலை. நடுவில் வழக்கையே வாபஸ் வாங்கப் போவதாகவும் பேச்சு இருந்தது. இனி என்ன வழி?
- மயிலாடுதுறை வாசகர்

வாபஸ் என்பது பி.என்.எஸ்.எஸ். 360-ஆம் பிரிவு. அரசு சொன்னாலும் அரசு வழக்கறிஞர் தானே யோசித்துத்தான் மனு போட வேண்டும். கோர்ட் அனுமதி வேண்டும். புதிய சட்டத்தில் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதிக்க முடியாது. அடுத்த முறை யாருக்காவது இப்படி நேர்ந்தால் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கச் சொல்லுங்கள்.

விடுதலைக்கு எதிராக அரசும் மேல்முறையீடு செய்யலாம், 413-ஆம் பிரிவில் நீங்களும் செய்யலாம். உங்கள் மாவட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்; திருவாரூர், நாகைக்கும் அப்படியே. தஞ்சாவூர் வழக்கு என்றால் மதுரைக் கிளை. தீர்ப்பு நகலுக்கு இன்றே மனு போடுங்கள். நகல் தயாரிக்க எடுத்த நாட்களைக் காலக்கெடுவில் கழித்துக்கொள்வார்கள். கூடவே மாவட்ட அரசு வழக்கறிஞரைப் பார்த்து, மேல்முறையீட்டுக்கு அவர் என்ன கருத்து அனுப்பியிருக்கிறார் என்று கேளுங்கள்.