களம் கேள்வி – பதில்: எட்வின் மோசஸின் 13 காலடி

கேள்வி: 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அமெரிக்காவின் எட்வின் மோசஸ் தொடர்ந்து 122 பந்தயங்களில் ஜெயித்தாராமே! அப்படி என்ன வித்தை அவரிடம் இருந்தது?

பதில்: நான் தடை ஓட்டத்துக்குப் பயிற்சி கொடுப்பவன். மோசஸின் பழைய பந்தயங்களைப் போட்டுப் பார்க்கும்போது என் கண் அவர் முகத்துக்குப் போகாது, காலைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே 13 காலடி. முதல் இடைவெளியிலும் 13, மூச்சு முட்டுகிற கடைசி இடைவெளியிலும் அதே 13.

அதன் அருமை கணக்குப் போட்டால்தான் புரியும். மொத்தம் 10 தடைகள், நடுவே 35 மீட்டர். தாவுகிற தூரத்தைக் கழித்தால் சுமார் 32 மீட்டர் மிஞ்சும். அதை 13 காலடியில் கடக்க, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் விழ வேண்டும். பாதி தூரம் போனதும் எவருக்கும் கால் கனக்கும், காலடி சுருங்கும். அன்றைய ஓட்டக்காரர்கள் அந்த இடத்தில் 14, 15 என்று மாற்றிக்கொள்வார்கள். 14 இரட்டைப்படை என்பதால் தடைக்கு மேல் முதலில் போகிற கால் மாறிவிடும். ஒற்றைப்படையான 13-இல் எப்போதும் ஒரே கால்தான். பக்கத்துத் தடத்துக்காரர் தடையை நெருங்கி நிதானிக்கிற நேரத்தில், மோசஸ் ஓடிக்கொண்டே இருந்தார்.

அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் அவர். கல்லூரிக்குச் சொந்த ஓடுதளம் கிடையாது; ஊரில் இருந்த பள்ளி மைதானங்களில் பயிற்சி எடுத்தார். 1976 மார்ச்சுக்கு முன் இந்தப் பந்தயத்தை ஒரே ஒரு முறைதான் ஓடியிருக்கிறார். அதே வருஷம் ஜூலையில் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் 47.63 விநாடியில் தங்கம், உலக சாதனை! இரண்டாவதாக வந்தவர் ஒரு விநாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார். 1977 ஆகஸ்ட் 26 அன்று பெர்லினில் ஹரால்ட் ஷ்மிட்டிடம் தோற்றார். அதற்கடுத்த தோல்வி 1987 ஜூன் 4, மாட்ரிட்டில், டானி ஹாரிஸிடம். நடுவே 9 வருஷம், 9 மாதம், 9 நாள்.

கேள்வி: பள்ளியில் தடை ஓட்டம் ஓடுகிறேன். நானும் 13 காலடிக்கு முயலலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மோசஸின் உயரம் சுமார் 188 சென்டிமீட்டர். நீளமான காலடி அவருக்கு இயல்பாக வந்தது. வலிந்து நீட்டினால் குதிகால் முன்னால் போய் விழும், வேகம் அங்கேயே செத்துவிடும். 15-இல் சீராக ஓடுங்கள். கூடவே, இரண்டு காலாலும் தாண்டப் பழகிக்கொள்ளுங்கள், அது என்றைக்கும் கைகொடுக்கும்.

கேள்வி: மோசஸ் ஒலிம்பிக்கில் வாங்கியது இரண்டே தங்கம். 1988 சியோலில் வெண்கலத்தோடு சரி. இதற்கா இவ்வளவு கொண்டாட்டம்?

பதில்: மூன்றாவது தங்கத்தை அவரிடமிருந்து பறித்தது அரசியல். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. அந்த ஜூலைத் தொடக்கத்தில்தான் மோசஸ் மிலானில் 47.13 ஓடி உலக சாதனையைப் புதுப்பித்திருந்தார். மாஸ்கோவில் கிழக்கு ஜெர்மனியின் வோல்கர் பெக் தங்கம் வாங்கிய நேரம் 48.70. ஒன்றரை விநாடிக்கு மேல் வித்தியாசம்! பெக்கைக் குறை சொல்லவில்லை, வந்தவர்களில் அவர்தான் முதல்வர். ஆனாலும் அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1983-இல், தன் 28-ஆவது பிறந்தநாளன்று, கோப்லென்ஸில் சாதனையை 47.02-க்குக் கொண்டுபோனார். அது 1992 வரை நின்றது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 47.75 விநாடியில் இரண்டாவது தங்கம்.

அப்புறம் சியோல். அதைச் சறுக்கல் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்ட்ரே பிலிப்ஸும் செனகலின் அமடூ டியா பாவும் அன்று பிரமாதமாக ஓடினார்கள். மூன்றாவதாக வந்த மோசஸுக்கு வயது 33, நேரம் 47.56. அவர் தங்கம் வாங்கிய இரண்டு ஒலிம்பிக் ஓட்டங்களையும்விட அது வேகமானது.