வெளிநாட்டு நகரத்தில் நீண்டகால ஊழியத்துக்குப் போகும் முன் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது சரியா?

எந்த நகரம் என்று நீங்கள் சொல்லவில்லை. கணவனும் மனைவியுமாக நீண்டகால மிஷனரி ஊழியத்துக்குப் போக நினைக்கிறோம், முதலில் சில மாதம் இருந்து பார்க்கலாமா, அது விசுவாசக் குறைவு ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "விசுவாசக் குறைவு" என்ற வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் சபையில் யாரோ பெரியவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் எங்கேயும் போயிருக்க மாட்டார்.

தாராளமாகப் போய்ப் பாருங்கள். வழியனுப்பு ஆராதனை மட்டும் வைக்க விடாதீர்கள்.

நாங்கள் 2018 ஜூலையில் காத்மாண்டு போனோம். ஒரு வருடம் இருந்து பார்ப்போம், தங்குவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவெடுப்போம் என்பதுதான் எங்கள் இருவருக்குள் பேச்சு. என் கணவருக்கு மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. எக்ஸ்ரே மெஷின், ஆட்டோகிளேவ், ஜெனரேட்டர், எதுவானாலும் திறந்துவிடுவார். அங்கே ஒரு மருத்துவமனையில் அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் நர்ஸ். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். 1903லேயே இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய மண். ஓய்வுநாள் பள்ளியில் மிஷனரி உண்டியல் குலுக்கி வளர்ந்தவர்களுக்கு, "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்ல வாய் வராது. ஐயரிடம், அதாவது எங்கள் சபைப் போதகரிடம், தயங்கித் தயங்கித்தான் சொன்னோம். அவர் கமிட்டியில் சொன்னார். அடுத்த மாதமே எங்களை ஆலயத்தின் முன்னால் முழங்காலில் நிற்க வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து, சால்வை போர்த்தி, அசனம் என்கிற சபை விருந்தும் போட்டு அனுப்பிவிட்டார்கள். வாசலில் எவரெஸ்ட் படம் போட்ட பேனர். அதில் "மருத்துவ ஊழியர்கள்" என்று எங்கள் இருவர் பெயரும். "பார்க்கப் போகிறார்கள்" என்பது அந்த ஒரே நாளில் "போய்விட்டார்கள்" ஆகிவிட்டது.

சரி, காத்மாண்டுக்கு வருகிறேன். எங்கள் வீடு லலித்பூரில். பாக்மதி ஆற்றைத் தாண்டினால் காத்மாண்டு, அவ்வளவுதான் இடைவெளி. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் பக்கத்து மாநிலம் மாதிரி நினைத்துக்கொண்டு போய் இறங்கினோம். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். வாடகைப் பத்திரத்தில் 2075 என்று வருடம் போட்டிருந்தது. எழுத்துப் பிழை என்று நினைத்து இவர் பேனாவை எடுத்துவிட்டார், நல்லவேளை அடிக்கவில்லை. அங்கே விக்ரம் ஆண்டுதான் நடப்பு. அப்போது வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை மகள் யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போவாள். இதை என் மாமியாரிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

சபையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாதல் என்கிற மேளம். "ஜய் மசீ" என்று கும்பிடுவார்கள். எங்கள் தாத்தா காலத்துக் கிராமத்து ஆலயத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. முதல் வாரமே அழுதுவிட்டேன். அப்போது சந்தோஷத்தில்தான்.

மொழிதான் என்னை உடைத்தது. வட இந்தியாவில் வேலை பார்த்தபோது பழகிய ஹிந்தி போதும் என்று நினைத்திருந்தேன். எழுத்து ஒன்றே, வார்த்தைகள் பாதி காதில் விழும். அதனால் புரிந்த மாதிரியே இருக்கும். நீ, நீங்கள் என்பதற்கே தங், திமி, தபாய்ங், ஹஜூர் என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். மூத்த விசுவாசி ஒருவரை நான் "திமி" என்று கூப்பிட்டிருக்கிறேன், அதுவும் மூன்று வாரம். யாரும் திருத்தவில்லை, மரியாதைக்காரர்கள். அந்த நாட்டில் நர்ஸாகப் பதிவு செய்யாமல் வேலை செய்ய முடியாது என்பதும் போன பிறகுதான் உறைத்தது. பேனரில் மருத்துவ ஊழியர், நிஜத்தில் தண்ணீர் லாரிக்காகக் காத்து நிற்பவள். என் கணவர் காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்கு வருவார். அவருக்கு மெஷின் பாஷை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

என்னைக் காப்பாற்றியது வீட்டுக்கார அம்மா. கர்பேட்டி என்பார்கள், நான் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். தினமும் காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து "கானா கானுபயோ?" என்று கேட்பார். நம்மூர் "சாப்பிட்டாச்சா" தான். அங்கே பருப்பும் சோறும் காலை பத்து மணிக்கே முடிந்துவிடும். நான் "இல்லை, மதியம்தான்" என்று சொல்லச் சொல்ல, வீட்டில் அரிசி இல்லை போல என்று நினைத்து ஒருநாள் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவர் தீவிரமான இந்து. தசைன் பண்டிகைக்கு எங்களைக் கூப்பிட்டார். கீரையைப் புளிக்க வைத்துக் காயப்போடும் குந்த்ருக் எப்படிச் செய்வது என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "உன் வீட்டுக்காரர் மெஷின் சரி செய்கிறார், நீ என்ன செய்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டார். பதில் இல்லாமல் சிரித்து வைத்தேன்.

இந்த இடத்தில் "ஓ, மதம் மாற்றப் போனீர்களா" என்று கிளம்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லை. நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றுவது அரசியலமைப்பிலேயே தடை செய்யப்பட்டது. நாங்கள் போன மறுமாதம், 2018 ஆகஸ்டில், புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஐந்து வருடம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளில் நாடு கடத்தல். 1954ல் தொடங்கிய ஐக்கிய நேபாள மிஷன்கூட மதப் பிரசாரம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுத்தான் மருத்துவமனைகள் நடத்தியது. சபையை வளர்த்தவர்கள் நேபாளிகள். 1951 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர் என்று ஒருவர்கூட இல்லை, 2021ல் ஐந்து லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கில் எங்கள் பங்கு பூஜ்யம். என் கணவர் ஆட்டோகிளேவ் சரி செய்தார், அதற்குச் சம்பளம்கூட ஊரிலிருந்து வந்த காணிக்கைதான்.

அந்தக் காணிக்கையில்தான் சிக்கல். மாதம் 18,000 ரூபாய் வரும், நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60 நேபாள ரூபாய் என்பதால் 28,800. குறை இல்லை. அக்டோபரில் கமிட்டியிலிருந்து போன்: "ஜெபக் குறிப்புக் கடிதத்துக்கு ஞானஸ்நானப் போட்டோ அனுப்புங்கள், பெயரோடு." நான் சபையில் எடுத்த போட்டோ ஒன்று போனில் இருந்தது. அனுப்பலாமா என்று அங்கே வயதான ஒரு பாஸ்டரிடம் கேட்டேன். 1990க்கு முன் ஞானஸ்நானம் எடுத்ததற்காகவே ஒரு வருடம் ஜெயிலில் இருந்தவர் அவர். கோபப்படவில்லை. போனை வாங்கினார், படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இந்தப் பிள்ளையின் அப்பாவுக்குத் தெரியாது" என்றார். அழித்துவிட்டேன். கமிட்டிக்கு என் கணவர் விளக்கமாகக் கடிதம் எழுதினார். "கணக்குக் காட்ட வேண்டாமா?" என்று பதில் வந்தது. ஜனவரியிலிருந்து காணிக்கை பாதியானது. காரணம் கேட்டால் புயல் நிவாரணம் என்றார்கள். இருக்கலாம்.

எங்கள் வெள்ளாளன்விளை அசரியா ஆயர் 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். எங்கள் பக்கம் அவர் படம் இல்லாத ஆலயம் குறைவு. நாம் அனுப்புகிற இடத்தில் இருக்கும்போது மட்டும் அந்தப் பேச்சு ஞாபகம் வருவதில்லை.

2019 ஜூலையில் திரும்பிவிட்டோம். மகளுக்குக் குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளி என்று எல்லோரிடமும் சொன்னோம், அது உண்மையும்தான். ஆனால் அந்தப் பாஸ்டர் சொன்னதுதான் முடிவு செய்தது. "உங்கள் கணவர் வருடத்தில் இரண்டு மாதம் வந்து எங்கள் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தால் போதும். வருடம் பூராவும் நீங்கள் இங்கே அழ வேண்டாம்." நான் அழுவது அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்று வரை தெரியவில்லை.

திரும்பி வந்த இரண்டாவது ஞாயிறு பிரசங்கம்: கலப்பையின் மேல் கையை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல என்ற வசனம். ஐயர் எங்களைப் பார்க்கவே இல்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

பள்ளிக்கூட அட்மிஷன் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. லலித்பூர் பள்ளி கொடுத்த டி.சி.யில் 2076 என்று வருடம். "இன்னும் வராத வருடத்தில் டி.சி. எப்படி வாங்கினீர்கள்?" என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். விளக்கினேன். மொழிபெயர்த்து நோட்டரி வைக்கச் சொன்னார். வைத்தேன். தூதரக முத்திரை வேண்டும் என்றார். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு! மூன்று மாதம் பிள்ளை வீட்டில் இருந்தாள். கடைசியில் டொனேஷன் கட்டினதும் எந்த முத்திரையும் தேவைப்படவில்லை. அதுவும் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம்தான்.

நீங்கள் போகும்போது லீவு போட்டுவிட்டுச் சொந்தச் செலவில் போங்கள். சபையில் ஐயருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மனைவி அங்கே பகலில் என்ன செய்வார் என்பதை டிக்கெட் எடுக்கும் முன் பேசிவிடுங்கள். உங்களை வரச் சொன்னவர்களிடம், நாங்கள் வராவிட்டால் உங்களுக்கு எது நின்றுபோகும் என்று கேளுங்கள். சங்கடமான கேள்விதான், கேட்டுவிடுங்கள். எங்களைப் போலத் திரும்பி வருவதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. இருபது வருடம் அங்கேயே இருக்கும் மலையாளிக் குடும்பம் ஒன்றையும் பார்த்தேன், அவர்கள் பிள்ளைகள் நேபாளியில்தான் சண்டை போட்டுக்கொள்கின்றன.

இவர் இப்போது வருடா வருடம் நவம்பரில் போய் வருகிறார். போன வருடம் தீதி எனக்கென்று பஞ்சடைத்த சிரக் ஒன்று தைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். திருநெல்வேலி வெயிலில் அதை எங்கே போர்த்துவது? பீரோ மேல் இருக்கிறது.