கபிலன் 'ஐ'யா, 'ஈ'யா?

வியாசர்பாடி தம்பிக்கு,

பொங்கல் விழா வினாடி வினாவுக்காக 'சார்பட்டா பரம்பரை' குத்துச்சண்டைப் படத்தின் பாத்திரங்களை எம்.பி.டி.ஐ. முறையின் 16 ஆளுமை வகைகளில் பிரித்தீர்கள், கதாநாயகன் கபிலனுக்கு 'ஐ' (I) எழுத்து, அதாவது தனக்குள் ஒதுங்கும் அகமுகம் என்று போட்டதும் பசங்க சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்கிறீர்கள். பசங்க பக்கம் நியாயம் இருக்கிறது.

கபிலன் யார் முன்னால் அடங்கி நிற்கிறான்? ரங்கன் வாத்தியார் முன்னாலும் அம்மா பாக்கியம் முன்னாலும்தான். அது மரியாதை, பயம். நம்ம ஏரியாவில் வாத்தியார் எதிரே எந்தப் பையன் நிமிர்ந்து பேசுவான்? மனைவி மாரியம்மாவிடமும் கூட்டாளிகளிடமும் அவன் எப்படி என்று பார்த்துவிட்டு எழுத்தைப் போடுங்கள். எதிரணி குத்துச்சண்டைக்காரன் டான்சிங் ரோஸுக்கு 'ஈ' (E), அதாவது கலகலப்பாகப் பழகும் வெளிமுகம் என்று போட்டதும் அவசரம். ரிங்குக்குள் அவன் போடும் காலாட்டம் சண்டை பாணி, சுபாவம் இல்லை. ரிங்குக்கு வெளியே அவனைப் படம் அதிகம் காட்டவும் இல்லை.

அப்துல் கலாம், ரஜினி சுற்றை விட்டுவிடலாம். 1921-இல் உளவியலாளர் கார்ல் யுங் எழுதியதை வைத்து காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய முறை இது. அவரவர் தானே பதில் சொல்லும் கேள்வித்தாள். மறுபடி எழுதினால் சொந்த எழுத்தே பலருக்கு மாறும். பிரபலங்களுக்கு நெட்டில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மேடையைப் பார்த்துப் போட்ட ஊகம். (சண்டை போட நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.)

சரி, போட்டியை இப்படி நடத்துங்கள்: எழுத்துக்கு மார்க் வேண்டாம். அதற்கு எந்தக் காட்சி ஆதாரம் என்று கேளுங்கள், காட்சிக்கு மார்க். அப்புறம், வேம்புலிக்கு என்ன போட்டீர்கள்?