டிராயிங்குக்கு எண் போடும் இன்டர்ன்ஷிப்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி வருடம், இன்டர்ன்ஷிப்புக்குப் போன எம்-அண்ட்-இ (கட்டடங்களின் இயந்திர, மின் வேலைகள்) நிறுவனத்தில் டிராயிங்குகளுக்கு எண் போட்டு அடுக்கச் சொல்கிறார்கள், இது கிளார்க் வேலைதானே, இடத்தை மாற்றக் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அந்த வேலைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஒரு கட்டடத்தில் குளிரூட்டல், மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு, லிஃப்ட் என ஒவ்வொன்றுக்கும் தனி டிராயிங். அதிலும் தளவாரியாக லேஅவுட், பிறகு ஸ்கீமேட்டிக் (எது எதோடு இணைகிறது என்று மட்டும் காட்டும் வரைபடம்), செக்‌ஷன், டீட்டெயில், ஷெட்யூல் (பட்டியல்). பெரிய கட்டடம் என்றால் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். எந்த ப்ராஜெக்ட், யார் வரைந்தது, கட்டடத்தின் எந்தப் பகுதி, எந்தத் தளம், என்ன வகை, எந்தத் துறை, வரிசையில் எத்தனையாவது என்ற ஏழும் எண்ணிலேயே இருந்தால் யாரும் யாரையும் கேட்காமல் எடுத்துவிடலாம். கட்டடத் தகவல்களை நிர்வகிக்க 2018இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19650 என்ற அனைத்துலகத் தரநிலையும், இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்த, வேறு எதற்கும் வராத ஓர் அடையாளத்தைத்தான் கேட்கிறது. பகுதிகளின் வரிசை ப்ராஜெக்டுக்கு ப்ராஜெக்ட் மாறும். தொடக்கத்திலேயே அதை ஓர் ஆவணமாக எழுதி வைத்திருப்பார்கள். மகள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஆவணத்தைத்தான்.

தளத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே சிங்கப்பூரில், நம் வீவக புளோக்கில் வாய்ட் டெக் (வீடுகள் இல்லாத திறந்த கீழ்த்தளம்) இருப்பது முதல் தளம், அதற்கு மேல் உள்ள வீட்டுக்கு எண் 02இல் தொடங்கும். பிரிட்டிஷ் பழக்கத்தில் நிலத்தோடு இருப்பது 00, அதற்கு மேலே 01. லண்டனில் உருவான டெம்ப்ளேட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் 01 என்பது ஒருவருக்கு ஒரு தளம், இன்னொருவருக்கு வேறு தளம். டக்ட் (காற்றுக் குழாய்) வேறு தளத்துக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரியும். மெக்கானிக்கலுக்கும் எம், மெஸனைன் தளத்துக்கும் எம். எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கும். அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஏறும் ரைசர் என்ற செங்குத்துக் குழாயின் ஸ்கீமேட்டிக்குக்கு எந்தத் தளத்தைப் போடுவது? பல தளங்களுக்கும் பொது என்று காட்ட ‘இஸட்இஸட்’ என்று போடும் வழக்கம் உண்டு. ஏன் அப்படி என்று மகளுக்கு விளங்கிய நாளில், தண்ணீர் கட்டடத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதும் பாதி விளங்கியிருக்கும்.

அப்புறம் ரிவிஷன், அதாவது எத்தனையாவது திருத்தம் என்ற குறி. டிராயிங் திருத்தப்பட்டால் எண் மாறாது, ரிவிஷன்தான் மாறும். எண்ணை மாற்றிவிட்டால் பழையதும் புதியதும் இரண்டு வெவ்வேறு டிராயிங்குகள் போல சைட்டில் உலவும். குழாய் போக ஸ்லாபில் எங்கே ஸ்லீவ் (துளைக்கு இடம்விடும் உறை) வைக்க வேண்டும் என்பதைப் பழைய தாளைப் பார்த்துச் செய்து கான்கிரீட் ஊற்றிவிட்டால், பிறகு கோரிங் போட்டுத் துளைக்க வேண்டும். அதற்கு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரின் ஒப்புதல், கூடுதல் செலவு, தாமதம் எல்லாம் வரும். எண் போடுகிறவரின் கவனத்தை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் உண்டு. குடிநீர், கழிவுநீர் டிராயிங் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிகளுக்கும், தீயணைப்பு டிராயிங் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளுக்கும் உட்பட்டவை. அரசாங்கம் இப்போது ஒப்புதலுக்கான திட்டங்களை கோர்நெட் எக்ஸ் என்ற ஒரே இணையத்தளத்தில் பிம் மாடலாகவே, அதாவது கட்டடத்தின் தகவல்கள் அடங்கிய முப்பரிமாணக் கணினி மாடலாகவே, சமர்ப்பிக்கச் சொல்கிறது. 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்கு 2025 அக்டோபர் 1 முதலும், எல்லாப் புதிய திட்டங்களுக்கும் 2026 அக்டோபர் 1 முதலும் இது கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. மாடலில் ஒவ்வொரு குழாயும் எந்த வகை, எந்த சிஸ்டம் என்று சரியாக வகைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். தாளின் மூலையில் எண்ணாக இருந்த வகைப்பாடு குழாய்க்குள்ளேயே போய்விட்டது. இன்று டிராயிங்கை வகை பிரிக்கக் கற்பவர் நாளை மாடலை வகை பிரிப்பார்.

சரி, மகள் என்ன செய்யலாம்? எண் போடும் முன் ஒவ்வொரு டிராயிங்கையும் திறந்து பார்க்கட்டும். ஒரே ஒரு சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். என்னைக் கேட்டால் கழிவுநீர். சரிவு இருந்தால்தான் அந்தக் குழாயில் நீர் ஓடும். ஆகவே சீலிங்குக்கு மேல் டக்ட், ஸ்பிரிங்க்லர் குழாய், கேபிள் ட்ரே எல்லாம் பெரும்பாலும் அதற்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஒரு குழாயைத் தொடர்ந்து போனால், எல்லா சர்வீஸையும் சேர்த்து வரையும் சிஎஸ்டி டிராயிங் எதற்கு என்று புரிந்துவிடும். கோ-ஆர்டினேஷன் மீட்டிங்கில் ஓரமாக உட்கார அனுமதி கேட்கட்டும். டிராயிங் பட்டியல் கையில் இருப்பவரை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

நீங்கள் நிறுவனத்துக்கு போன் செய்யாதீர்கள். இன்டர்ன்ஷிப்பில் பாதி தாண்டியும் ரெவிட் என்ற பிம் மென்பொருளைத் தொட விடவில்லை, சைட்டையும் காட்டவில்லை என்றால், கல்லூரியில் அவரைப் பார்த்துக்கொள்ளும் விரிவுரையாளரிடம் மகளே பேசட்டும். அது அவருடைய உரிமை.

டிராயிங்குகளை எண் போட்டுப் பராமரிக்கும் டாக்குமென்ட் கன்ட்ரோலராகவே இருந்துவிடலாமா என்றால், அது கௌரவமான வேலை. ஆனால் டிப்ளோமா படித்த பிள்ளை அங்கேயே நின்றுவிடுவதை நான் விரும்பமாட்டேன். பிம் மாடலர், அதன்பின் பிம் கோ-ஆர்டினேட்டர் என்ற பாதைக்கு இந்த அனுபவம் நேராக உதவும். பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர் ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம், அனுபவ ஆண்டுகள், தேர்வுகள் எல்லாம் தேவை. டிப்ளோமா மட்டும் போதாது. அதனால் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் திறக்கும் முன்பே, தான் கையாண்ட சிஸ்டங்கள் எவை, எந்தக் கட்டத்தில் எந்த டிராயிங் வந்தது என்று வாரந்தோறும் ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் டிராயிங்கை மட்டும் வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். அதற்கு அனுமதி இருக்காது.