முதலில் முட்டை, அப்புறம் முகம்: ஒளி நிழல் கேள்வி-பதில்

பென்சிலில் முகம் வரைந்தால் சாயல் வந்துவிடுகிறது. ஆனால் தட்டையாகத் தெரிகிறது. என்ன குறை?

பெரும்பாலும் கருமை போதாததுதான். காகிதம் அழுக்காகிவிடுமோ என்று பயந்து வெளிர் சாம்பலோடு நிறுத்திவிடுகிறோம். எச்பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் ஆழமான கருப்பு வராது. அதைவிட மென்மையான, கருமையான 4பி, 6பி பென்சில்களை எடுங்கள். முகத்தை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளை முட்டையை வைத்து வரையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒன்று புரியும்: அடர்ந்த கருமை முட்டையின் விளிம்பில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மேஜையில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அடி விளிம்பை லேசாக வெளுக்க வைக்கிறது. அந்த வெளுப்பைப் பிடித்துவிட்டால் முட்டைக்கு உருட்சி வந்துவிடும். மூக்கு நுனிக்கும் கன்னத்துக்கும் இதே கணக்குதான்.

நிறமும் டோனும் ஒன்றா?

இல்லை. ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதுதான் டோன். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த சூரிய உதயப் படத்தை போனில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அந்த ஆரஞ்சுச் சூரியன் வானத்தோடு கரைந்து ஏறக்குறைய காணாமலே போய்விடும்! நிறம்தான் வேறு, டோன் கிட்டத்தட்ட ஒன்று. உங்கள் படத்தையும் இப்படி மாற்றிப் பாருங்கள், எது எதோடு ஒட்டிக்கொள்கிறது என்று உடனே தெரியும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' படத்தில் நிலவொளி எங்கிருந்து வருகிறது?

அது இரவே அல்ல. 1642இல் வரைந்த படம். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கருத்ததால் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. படத்தின் நடுவே நிற்கும் காவல் படைத் தலைவரின் நீட்டிய கை, பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் உடையில் போடும் நிழலைக் கவனியுங்கள். பகல் வெளிச்சம்தான்.

நிழலுக்குக் கருப்பு வண்ணம் போடலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைக் கலந்து பாருங்கள், உயிருள்ள கருமை கிடைக்கும்.

வாட்டர்கலரில் விளக்குச் சுடருக்கு வெள்ளை வைத்தால் சுண்ணாம்புபோல் தெரிகிறதே?

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் விளக்கேந்திய பெண்ணின் படம் இருக்கிறது. ரவிவர்மா வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரைந்தவர் ஹல்தங்கர் என்ற ஓவியர், அதுவும் வாட்டர்கலரில். வாட்டர்கலரில் காகிதம்தான் உங்கள் வெள்ளை. சுடருக்கான இடத்தைத் தொடாமல் விட்டு, சுற்றிலும் மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததைப் போட்டு இருட்டாக்குங்கள். அவசரப்பட்டால் கலங்கிவிடும்.