உட்காருங்க தம்பி, சப்டைட்டில் மறைக்குது!

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் படங்கள் சென்னையில் வெள்ளிக்கிழமை ரிலீஸாகி ஹவுஸ்ஃபுல் ஆவது இப்போது சாதாரணம். கூடவே தியேட்டருக்குள் நடக்கும் சண்டை பற்றிய கடிதங்களும் வருகின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

தமிழ் டப்பிங் ஷோவுக்கு முதல் நாளே குடும்பத்தோடு போனோம். பின்வரிசையில் ஏழெட்டுப் பேர் ஆரம்பம் முதலே கத்தல். ‘கொஞ்சம் மெதுவா’ என்று கேட்டதும் இன்னும் அதிகமானது. அந்த நேரத்தில் என்னதான் செய்வது?
— வாசகி, அண்ணாநகர்

கும்பலாக வந்த பையனை அவன் நண்பர்கள் எதிரே கண்டித்தால் அவன் இறங்கி வரமாட்டான். ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், இரண்டாவது தடவை வேண்டாம். எழுந்து ஊழியரிடம் போங்கள், அதுவும் முதல் கால் மணி நேரத்துக்குள். பாதிப் படம் ஓடியபின் போனால் ‘இவ்ளோ நேரம் பார்த்துட்டீங்களே மேடம்’ என்பார்கள். வேறு ஷோவுக்கு மாற்றித் தரும் பேச்சு ஆரம்பத்தில்தான் எடுபடும்.

டிக்கெட் பார்க்கும் பையனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால் பலனில்லை. யாரையும் வெளியே அனுப்பும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஸ்கிரீன் எண், வரிசை எழுத்து, இருக்கை எண் மூன்றையும் கொடுங்கள். ‘பின்னாடி பசங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் டார்ச்சோடு எட்டிப் பார்ப்பார், வெளிச்சம் பட்டதும் எல்லோரும் சாதுவாகிவிடுவார்கள், அவர் தலை மறைந்ததும் பழைய கதை. ‘கே வரிசை, 8 முதல் 14 வரை’ என்றால் நேரே அங்கே போய் நிற்க முடியும். ஊழியர் ஒருவரை ஐந்து நிமிடம் உள்ளேயே நிற்க வைக்கும்படி கேளுங்கள். எச்சரிக்கையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

அப்படியும் அடங்கவில்லையா? காலி இருக்கைக்கு மாற்றம் கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு ஷோ. பணத்தைத் திரும்பக் கேட்பதைக் கடைசியில் வையுங்கள். அதைக் கேட்ட உடனே பேச்சு ‘கம்பெனி பாலிசி’க்குப் போய்விடும்.

இன்னொன்று, ஜப்பானியப் படங்கள் இடைவேளையை நினைத்து எடுக்கப்படுவதில்லை. இங்கே நடுவில் நிறுத்துகிறார்கள். 2025 செப்டம்பர் 12-இல் தமிழிலும் வந்த ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 155 நிமிடப் படம், அந்த நீளத்துக்கு இடைவேளை நிச்சயம். விளக்கு எரியும் அந்த நேரத்தில் மேனேஜரை வரிசைக்கே அழைத்து வந்தால் முகத்தைப் பார்த்துப் பேச முடியும். இருட்டில் கொடுக்கும் எச்சரிக்கைக்கு அந்த மரியாதை கிடையாது.

விசிலடிப்பது நம்ம ஊர்ப் பழக்கம். அனிமேவுக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரியில் உட்காருகிற மாதிரி உட்கார வேண்டும்?
— வாசகர், பெரம்பூர்

விசிலில் தப்பில்லை. ஆனால் படத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும். நம்ம மாஸ் படத்தில் ஹீரோ காரிலிருந்து கால் வைப்பார், ஸ்லோமோஷன், பின்னணி இசை, அதற்குப் பிறகுதான் முதல் வசனம். பஞ்ச் டயலாக் முடிந்ததும் வில்லன் முகத்தை இரண்டு வினாடி காட்டுவார்கள். கூட்டம் கத்தி ஓயும் நேரத்தைக் கணக்குப் போட்டே எடிட்டர் வெட்டுகிறார். அனிமே அந்தக் கணக்கில் வெட்டப்படுவதில்லை. அடி விழுவதற்கு முன்னால் எல்லா ஒலியையும் நிறுத்திவிட்டு மூச்சுச் சத்தத்தை மட்டும் வைப்பது அங்கே வழக்கம். உங்கள் விசில் சரியாக அந்த மௌனத்தின் மேல்தான் போய் விழுகிறது. சண்டை முடிந்த கையோடு தணிந்த குரலில் ஃப்ளாஷ்பேக் தொடங்கும். வில்லன் ஏன் அப்படி ஆனான் என்ற கதை முழுக்க அங்கேதான். ஆரவாரம் அடங்குவதற்குள் அதில் பாதி போயிருக்கும்.

‘அப்போ சவுண்டை ஏத்தட்டும்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தியேட்டர் ஒலிக் கருவியில் 7 என்ற அளவுதான் நிர்ணயம். சோதனை ஒலியை வைத்துப் பார்த்தால் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கர் சேனலுக்கும் 85 டெசிபல். பல இடங்களில் அதற்கும் கீழேதான் ஓட்டுகிறார்கள். கூட்டத்தின் கத்தலை மீறுவதற்காக ஏற்றினால், கூட்டம் அடங்கியபின் வரும் வெடிச் சத்தம் காதைப் பிளக்கும்.

டப்பிங் ஷோவுக்கும் சப்டைட்டில் ஷோவுக்கும் நியாயம் வேறு. டப்பிங்கில் கத்தினால் வசனமே போச்சு. சப்டைட்டிலில் ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு வசனம் கண் வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒரு நிமிடக் கத்தலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எழுந்து நிற்பதைப் பொறுக்க முடியாது. எழுத்து திரையின் அடியில் இருக்கிறது, எழுந்தவர் தலை முதலில் மறைப்பதே அதைத்தான். எழுந்து ஆடியே தீர வேண்டும் என்பவர் கடைசி வரிசையில் டிக்கெட் எடுக்கட்டும்.

ஜப்பானில் எல்லோரும் எப்போதும் வாய்மூடிப் பார்க்கிறார்கள் என்பதும் முழு உண்மையில்லை. 2016-இல் வந்த ‘கிங் ஆஃப் ப்ரிஸம்’ படத்தின் ஆரவார ஷோக்கள் அங்கே பெரிதாகப் பேசப்பட்டன. லைட் ஸ்டிக் ஆட்டலாம், திரையைப் பார்த்துக் கத்தலாம், கூடவே பாடலாம். ஆனால் அது தனி ஷோ. தனியாக அறிவித்து டிக்கெட் விற்பார்கள். சென்னையில் ரெண்டு வகைக் கூட்டத்துக்கும் ஒரே டிக்கெட்டை விற்றுவிட்டு உள்ளே அடித்துக்கொள்ள விடுகிறார்கள். என் வழக்கு ரசிகர்கள்மேல் அல்ல, அந்த ஏற்பாட்டின்மேல்தான்.

கல்லூரி அனிமே கிளப்பில் 120 பேர் இருக்கிறோம். யாருக்கும் தொந்தரவில்லாமல் கொண்டாட வழி சொல்லுங்கள்.
— மாணவர், குரோம்பேட்டை

முழு ஸ்கிரீனையும் எடுத்துவிடுங்கள். 150 முதல் 200 இருக்கை உள்ள சின்ன ஸ்கிரீன் போதும். மீதி இருக்கைகளைப் பொது விற்பனையில் விட்டால் மேலே சொன்ன சண்டை உங்கள் ஷோவிலும் நடக்கும். நண்பர்களின் நண்பர்களைச் சேர்த்து அவற்றையும் நிரப்புங்கள்.

மல்டிபிளக்ஸில் மொத்த புக்கிங்குக்குத் தனி ஆள் இருப்பார். ஒற்றைத் திரையில் மேனேஜரை நேரில் பாருங்கள். ரிலீஸுக்குப் பத்து நாள் முன்பே பேச்சைத் தொடங்குவது நல்லது. இரண்டாம் வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஷோக்கள் குறைந்து, காலை 10 மணிக்கோ இரவு 10 மணிக்கோதான் இடம் கிடைக்கும். எந்த மொழிப் பதிப்பு, இடைவேளை உண்டா, கடைசியில் பெயர் எழுத்து ஓடும்போது விளக்கு எரியுமா, எதையெல்லாம் உள்ளே எடுத்து வரலாம் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் ஷிஃப்ட் மாறினால் மறந்துபோகும்.

காகிதம் தூவலாம், நீங்களே கூட்டித் தருவதாக இருந்தால். ஜிகினாத் தாள் வேண்டாம். கார்பெட்டில் ஒட்டும், ஏசி காற்று இழுக்கும் ஜன்னலில் போய் அடையும். ஸ்னோ ஸ்ப்ரே, கலர்ப் பொடி இரண்டுக்கும் தடை போடுங்கள். சினிமா திரை சும்மா வெள்ளைத் துணி கிடையாது. பின்னால் ஸ்பீக்கர் இருப்பதால் திரை முழுக்க நுண்துளைகள். 3டி ஓட்டும் பல ஸ்கிரீன்களில் வெள்ளி நிறப் பூச்சு வேறு. கறையைத் துடைத்தால் பூச்சு போகும், நாணயம் பட்டுக் கிழிந்தால் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு வெளிச்சமான காட்சியிலும் தெரியும். முழுத் திரையையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும். கற்பூரம், மத்தாப்பு, கலர் புகை எதுவும் கூடாது. புகை உணரும் கருவி அடித்தால் படம் நிற்கும், இருட்டில் கூட்டம் ஒரே கதவுக்கு ஓடும். லேசர் டார்ச்சையும் தடுத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் விழித்திரை போகும்.

பேட்டரி லைட் ஸ்டிக் வைத்துக்கொள்ளலாம், மார்புக்கு மேலே தூக்காமல். இருக்கைமேல் ஏறாதீர்கள், மடங்கும் இருக்கையின் கீல் உட்காரும் எடைக்குச் செய்தது, குதிக்கும் எடைக்கு அல்ல. ஆட்டம் திரைக்கு முன்னால் உள்ள சமதளத்தில், கடைசிப் பாட்டில் இருக்கட்டும். படிக்கட்டு வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 120 பேருக்கு ஆறு தன்னார்வலர்கள், கையில் ஒரே நிறப் பட்டை.

கதாபாத்திரம் மாதிரி வேஷம் போட்டு (காஸ்ப்ளே) வருபவர்களின் வாள் ஃபோம் என்றாலும் மால் வாசல் சோதனையில் நிறுத்துவார்கள். முன்கூட்டியே புகைப்படம் அனுப்பி அனுமதி வாங்குங்கள். உலோகமும் மரமும் வீட்டிலேயே இருக்கட்டும். உயரமான விக் வைத்தவருக்குக் கடைசி வரிசை.

ஒரு பத்து வினாடி ஸ்டேட்டஸ் போட்டால் என்ன குடி முழுகிவிடும்?
— வாசகர், வேளச்சேரி

2023-இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் 6ஏஏ என்ற பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கத்தோடு தியேட்டருக்குள் படத்தை ‘அல்லது அதன் ஒரு பகுதியை’ப் பதிவு செய்வது குற்றம். தண்டனை மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். ‘ஸ்டேட்டஸுக்குத்தான் எடுத்தேன்’ என்ற வாதத்தை நீங்கள் காவல் நிலையத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும்.

தியேட்டர்க்காரர் ஏன் பதறுகிறார் தெரியுமா? டிஜிட்டல் ப்ராஜெக்‌ஷனில் படத்துக்குள்ளும் ஒலிக்குள்ளும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத முத்திரை பதிகிறது. எந்த ஸ்கிரீன், எந்த நேரம் என்பதை அதிலிருந்து எடுத்துவிடலாம். இடமும் நேரமும் கிடைத்தால் முதல் கேள்வி அந்தத் தியேட்டருக்குத்தான். பின்னால் இருப்பவரின் கண்ணில் உங்கள் போன் வெளிச்சம் குத்துவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் பெயர் எழுத்து ஓடும்போதே விளக்கைப் போட்டுக் கூட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு காட்சி இருந்ததாம்!
— வாசகி, அம்பத்தூர்

இதற்குச் சுலபமான தீர்வு இருக்கிறது. பெரும்பாலான ஸ்கிரீன்களில் விளக்கை யாரும் கையால் போடுவதில்லை. ஓட்டும் பட்டியலில் ‘இந்த நிமிடத்தில் விளக்கு’ என்று முன்பே குறித்துவிடுவார்கள், அதுவும் எழுத்து தொடங்கும் இடத்தில். அதைக் கடைசி ஃப்ரேமுக்குத் தள்ள ஆபரேட்டருக்குச் சில நிமிட வேலைதான். படம் தொடங்கும் முன்பே மேனேஜரிடம் சொல்லுங்கள். ஓடத் தொடங்கியபின் பட்டியலில் கை வைக்கத் தயங்குவார்கள்.

அமைதியாகப் பார்க்க எந்த ஷோ, எந்த இருக்கை?
— வாசகர், மயிலாப்பூர்

செவ்வாய், புதன் பகல் காட்சி, சப்டைட்டில் பதிப்பு. முதல் வெள்ளி முதல் ஞாயிறு வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் இரண்டாவது புதனுக்காகக் காத்திருந்தால் படமே போயிருக்கலாம். புக்கிங் ஆப்பில் மொழியை இருமுறை பாருங்கள். ‘ஜப்பானிய மொழி’ என்று நினைத்து இந்தி டப்பிங்கில் மாட்டிக்கொண்டவர்களின் கடிதங்கள் தனிக் கட்டு.

இருக்கை விஷயத்தில் எல்லோரும் மேல் வரிசைக்கு ஓடுகிறார்கள். படிப்படியாக உயரும் அரங்கில் மேலே போகப் போக, கீழே உள்ள அத்தனை போன் திரையும் உங்கள் பார்வையில்தான். நடுவுக்குக் கொஞ்சம் கீழே, வரிசையின் மையத்தில் எடுங்கள். அதற்கும் முன்னால் போனால் எழுத்தைப் படிக்கக் கண் மேலும் கீழும் ஓடிக் களைத்துவிடும்.

ஒன்பது வயது மகன் கேட்கிறான். கார்ட்டூன்தானே, கூட்டிப்போகலாமா?
— வாசகி, தி.நகர்

சான்றிதழைப் பாருங்கள். யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என மூன்று. அது பெற்றோருக்கான வழிகாட்டல், முடிவு உங்களுடையது. ‘ஏ’ என்றால் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதியில்லை, அம்மா கூட வந்தாலும். வாசலில் திருப்பி அனுப்பினால் ஊழியரிடம் கோபப்படாதீர்கள். தலை உருளும் படத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையைக் கூட்டி வந்து, அது அழுதபின் ஸ்கிரீனையே தொந்தரவு செய்வதும் இந்தப் பக்கத்தில் வரும் புகார்தான்.

பெண் கதாபாத்திரம் வந்தாலே பின்னாலிருந்து அசிங்கமான கமெண்ட். அடுத்து எங்கள் பக்கமும் திரும்பியது.
— இரு வாசகிகள், தாம்பரம்

இதை ‘தொந்தரவு’ என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 296-ஆம் பிரிவில் குற்றம். உங்களைப் பார்த்துப் பேசினால் 75, 79 பிரிவுகளும் பொருந்தும். அவர்களோடு பேச வேண்டாம். வெளியே வந்து மேனேஜரிடம் சொல்லிக்கொண்டே 112-ஐ அழையுங்கள். 181 பெண்கள் உதவி எண். அவர்கள் இருக்கை எண் இருந்தால், ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டிலிருந்து போலீஸ் ஆளைப் பிடித்துவிடும்.

‘அடுத்து இவன் செத்துடுவான்’ என்று மாங்கா (படத்துக்கு மூலமான ஜப்பானிய காமிக்ஸ்) படித்தவர் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.
— வாசகர், பல்லாவரம்

சட்டத்தில் பிரிவு இல்லை. இருக்கை மாறுங்கள்.

புகார் சொல்லியும் தியேட்டர் கண்டுகொள்ளவில்லை. வேறு எங்கே போவது?
— வாசகர், வடபழனி

அன்று இரவே தியேட்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். டிக்கெட் படம், புகார் சொன்ன நேரம், யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பது நான்கு வரியில் போதும். இந்த மின்னஞ்சல் இல்லாமல் மேற்கொண்டு எதுவும் நகராது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. நெரிசல், பூட்டிய கதவு, படிக்கட்டு வழியில் கூடுதல் நாற்காலி மாதிரி பாதுகாப்புப் பிரச்சினை என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சென்னை மாநகரில் தியேட்டர் உரிமம் கொடுப்பது அவர்தான்.