டீசல் பிக்கப்பில் பவர் ஸ்டீயரிங் ஆயில் சூடேறுவது: கேள்வி பதில்

ராம் 2500, செவி சில்வராடோ ஹெச்டி போன்ற கனரக டீசல் பிக்கப் ஓட்டுபவர்கள் ஸ்டீயரிங் ஆயில் சூடு பற்றியும் அந்த ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் மாட்டுவது பற்றியும் கேட்டவை இங்கே. பதில் சொல்பவர் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வேலை தெரிந்தவர்.

கேள்வி: 2006 ராம் 2500, 5.9 கம்மின்ஸ். டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. முற்றத்தில் பத்து நிமிடம் ரிவர்ஸ் எடுத்தால் ஸ்டீயரிங் முனகுகிறது, ரிசர்வாயரில் (ஸ்டீயரிங் ஆயில் தொட்டி) கை வைக்க முடியவில்லை. முன்பிருந்த பெட்ரோல் வண்டியில் இந்தத் தொல்லையே இல்லை. ஏன்?

பதில்: மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன.

முதலாவது, டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி த்ராட்டில் தகடு காற்றை அடைத்து நிற்பதில்லை. அதனால் மிதிக்கும் விசையைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் கிடைக்காது. உங்கள் வண்டியில் அதற்குப் பதிலாக ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டரான ஹைட்ரோபூஸ்ட் இருக்கிறது. பிரேக்கை மிதிக்க உதவுவதும் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவதும் ஒரே பம்ப்தான். ஆயில் முதலில் பூஸ்டர் வழியாகப் போய், பிறகுதான் ஸ்டீயரிங் கியர்பாக்ஸுக்கு வருகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் மாறிமாறி வேலை கேட்கும்.

இரண்டாவது, எடை. 5.9 கம்மின்ஸ் எஞ்சின் மட்டுமே ஏறக்குறைய 500 கிலோ. அது முழுக்க முன் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப அதிக அழுத்தம் வேண்டும்.

மூன்றாவது, காற்று. ஐடிலில் விஸ்கஸ் ஃபேன் (எஞ்சினோடு சுற்றும் ரேடியேட்டர் விசிறி) மெதுவாகத்தான் சுற்றும், வண்டியும் நகராமல் நிற்கும். சூடு அதிகமாகப் பிறக்கும் நேரத்தில் கூலர் மேல் காற்றே அடிப்பதில்லை. நெடுஞ்சாலையில் நிலைமை நேர் எதிர்.

இதில் முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழு லாக்கில், அதாவது இனி திரும்பாத கடைசி வரை பிடித்தால், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, அழுத்தம் முழுவதும் சூடாக மாறும். 100 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 1.7 கிலோவாட். ஒரு மின்சாரக் கெட்டில் தரும் சூடு. கெட்டிலிலாவது தண்ணீர் இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு லிட்டர் சொச்சம் ஆயில், அதன் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் பாதிக்கும் குறைவு. நொடிக்கு ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். அதைவிடக் கெட்டது, பல பம்புகளில் ரிலீஃப் ஆன ஆயில் வெளியே வராமல் பம்புக்குள்ளேயே சுற்றும். எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் அந்த ஆயில் கூலரைத் தொடாது. எனவே லாக்கில் இடித்ததும் கால் சுற்று திருப்பி விடுங்கள். காசு செலவில்லாத முதல் வேலை இது. அடுத்தது முன் டயர் காற்று. குறைவாக இருந்தால் அழுத்தமும் சூடும் கூடும்.

கேள்வி: எவ்வளவு சூடு வரை பரவாயில்லை? இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் கூலரில் 45 டிகிரிதான் காட்டுகிறது, ஆனால் தொட்டால் கை பொசுங்குகிறது.

பதில்: பளபளக்கும் அலுமினியத்தை இன்ஃப்ராரெட்டில் அளக்கவே கூடாது. சுற்றியுள்ளதன் பிரதிபலிப்பைத்தான் அது படிக்கும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு அதன் மேல் அளந்து பாருங்கள். ரிசர்வாயரின் கறுப்புப் பிளாஸ்டிக் என்றால் டேப் இல்லாமலே அளக்கலாம்.

இழுவையில் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை கவலை வேண்டாம். 110 என்றால் கவனியுங்கள். 120-ஐத் தாண்டி அடிக்கடி போனால் நைட்ரைல் ரப்பர் சீல்கள் இறுகி வெடிப்பு விடத் தொடங்கும், ஆயில் கறுத்துக் கருகிய வாடை வரும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பட்டறையில் பழகிய தோராயக் கணக்கு.

கேள்வி: ரேடியேட்டர் முன்னால் வளைந்த குழாய் ஒன்றுதான் கம்பெனி கூலராக இருக்கிறது. பெரியது மாட்டலாமா? எந்த லைனில்?

பதில்: மாட்டலாம். ரிட்டர்ன் லைனில் மட்டும். பிரஷர் லைனில் 1,000 பிஎஸ்ஐ-க்கு (சுமார் 70 பார்) மேல் சர்வசாதாரணமாக ஏறும், கூலர் பிளந்து சூடான ஆயில் எஞ்சின் மேல் தெளிக்கும். ஸ்டீயரிங் கியர்பாக்ஸிலிருந்து ரிசர்வாயருக்குத் திரும்பும் ஹோஸைக் கண்டுபிடித்து நடுவில் சேருங்கள்.

வாங்கும்போது சூட்டை எவ்வளவு இறக்கும் என்பதைவிட ஆயில் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்று பாருங்கள். உள்வழி 3/8 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. நேர் வழியாக ஓடும், வெளியே தடித்த துடுப்புகள் கொண்ட அலுமினியக் குழாய் வகை தடையே தராது, கல் பட்டாலும் தாங்கும். அடுக்குத் தகடு வகை சூட்டை நன்றாக இறக்கும், ஆனால் குளிர்ந்த கெட்டி ஆயிலுக்குத் தடை அதிகம். கனமான டிரெய்லரை அடிக்கடி இழுப்பவருக்குச் சிறிய அடுக்குத் தகடு கூலர், மற்றவர்களுக்குத் துடுப்புக் குழாய் போதும் என்பது என் கருத்து.

ரேடியேட்டர் துடுப்புகளுக்கு ஊடாகப் பிளாஸ்டிக் டை குத்திக் கட்டாதீர்கள். அதிர்வில் உரசி ஏசி கண்டென்சர் குழாயையே அறுத்துவிடும். தனி பிராக்கெட் போட்டு 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். நிப்பிள்கள் (ஹோஸ் மாட்டும் முனைகள்) மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்கட்டும், அப்போதுதான் காற்று உள்ளே சிக்காது. கூலர் ரிசர்வாயர் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஹீட்டர் ஹோஸ் இபிடிஎம் ரப்பர், மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பிக் கழன்றுவிடும். டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கென்று எஸ்ஏஇ ஜே1532 என அச்சிட்டு வரும் 3/8 ஹோஸ் ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். கிளாம்ப், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வகை.

கேள்வி: கூலர் மாட்டினேன். ஸ்டீயரிங் அருமை. ஆனால் பிரேக்கை விட்ட பிறகும் வண்டி பிடித்துக்கொண்டே ஓடுகிறது. பூஸ்டர் போய்விட்டதா?

பதில்: பூஸ்டரை மாற்றுவதற்கு முன் ரிட்டர்ன் ஹோஸ்களைப் பாருங்கள். ஹைட்ரோபூஸ்டுக்கென்று தனி ரிட்டர்ன் ஒன்று உண்டு. நீங்கள் அதையும் கியர்பாக்ஸ் ரிட்டர்னையும் டி (மும்முனை இணைப்பு) போட்டு இணைத்து, இரண்டையும் கூலர் வழியாக அனுப்பியிருப்பீர்கள். பூஸ்டரின் ரிட்டர்னில் அழுத்தம் ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். கூலரின் தடையால் அங்கே பின்னழுத்தம் ஏறினால் ஆயிலைத் திருப்பிவிடும் உள்ளே இருக்கும் ஸ்பூல் வால்வு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது, பிரேக் லேசாகப் பிடித்தே நிற்கும்.

பூஸ்டர் ரிட்டர்னைக் கூலரைத் தொடாமல் நேராக ரிசர்வாயருக்குக் கொண்டுபோங்கள். ரிசர்வாயரில் ஒரே நிப்பிள்தான் என்றால், கூலருக்குப் பிறகு, ரிசர்வாயரை ஒட்டி டி போடுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். பிடித்த பிரேக்கோடு இறக்கத்தில் போனால் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தரையில் போகும்.

கேள்வி: லைனைக் கழற்றி மாட்டிய பின் காற்று எடுப்பது எப்படி? என் வண்டியில் ஆயில் பால் மாதிரி நுரைத்துக் கத்துகிறது.

பதில்: கழற்றுவதற்கு முன்பே ஒரு வேலை: எஞ்சினை அணைத்து, பெடல் கல் மாதிரி இறுகும் வரை பிரேக்கைப் பத்து முறையாவது மிதியுங்கள். பூஸ்டரின் அக்யுமுலேட்டரில் (அழுத்தத்தைச் சேமிக்கும் கலம்) அழுத்தம் தேங்கியிருக்கும், அதை இறக்காமல் லைனைத் தொடக்கூடாது.

மாட்டிய பின் முன் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். எஞ்சின் ஓடாமலே ஸ்டீயரிங்கை ஒரு லாக்கிலிருந்து மறு லாக்குக்கு மெதுவாக 20 முறை திருப்புங்கள். ரிசர்வாயர் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். சில நொடி ஓடவிட்டு அணைத்து, மட்டம் பாருங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டே பிரேக்கையும் சில முறை மிதியுங்கள், பூஸ்டரில் உள்ள காற்று அப்படித்தான் வெளியேறும்.

ஏற்கெனவே நுரைத்துவிட்டால் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். நுரையோடு ஓட்டுவது பம்பின் ஆயுளைத் தின்னும். மறுநாளும் நுரைத்தால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில்தான் கோளாறு: ரிசர்வாயருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஓ-ரிங் அல்லது தளர்ந்த கிளாம்ப். அங்கே ஆயில் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால் ஈரம் தேடினால் கண்ணில் படாது.

கேள்வி: எந்த ஆயில்? பிரேக் ஆயில் சூடு அதிகம் தாங்கும் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: பிரேக் ஆயில் கூடவே கூடாது. ஒரு மூடி அளவு விழுந்தாலும் பம்ப், பூஸ்டர், கியர்பாக்ஸ் மூன்றின் சீலும் உப்பும். 2006 ராமுக்கு ஏடிஎஃப்+4 (ஒரு வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்). மற்ற வண்டிகளுக்கு ரிசர்வாயர் மூடியில் அச்சிட்டிருப்பதே சட்டம். முழுதாகக் கழுவி மாற்ற 3 லிட்டர் வாங்கி வையுங்கள்.

கேள்வி: மினசோட்டாவில் பனி தள்ளும் பிளேடு மாட்டி ஓட்டுகிறேன். மைனஸ் 30-லும் கூலர் தேவையா?

பதில்: தேவை. பிளேடின் எடை முழுக்க முன் அச்சில், வேலை முழுக்க முன்னும் பின்னும் திருப்புவது. போதாக்குறைக்கு, தூக்கிய பிளேடு ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைக்கிறது. துடுப்புக் குழாய் வகையே உங்களுக்கு ஏற்றது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்டீயரிங்கைத் தொடாமல் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இசுஸு டி-மேக்ஸ் வைத்திருக்கிறேன். நானும் மாட்டவா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. அதில் பிரேக்குக்கு எஞ்சின் ஓட்டும் தனி வெற்றிட பம்ப் இருக்கிறது. ஸ்டீயரிங் பம்புக்கு ஒரே வேலை, முன் எடையும் குறைவு. முனகல் வந்தால் பெல்ட் இறுக்கம், ஆயிலின் வயது, டயர் காற்று, இந்த வரிசையில் பாருங்கள். கம்பெனி அளவைவிட அகலமான டயரும் வெளியே தள்ளிய வீலும் போட்டிருந்தால் மட்டும் கூலரைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: ஃபோர்டு எஃப்-150, 3.0 டீசல்?

பதில்: அது மின்சார ஸ்டீயரிங். ஆயிலே கிடையாது.

கேள்வி: என் பம்ப் உடைந்து புதிது மாட்டினேன். ஆறு மாதத்தில் அதுவும் கத்துகிறது. பழைய கூலர் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: வெளியே நன்றாக இருக்கும். பழைய பம்ப் உதிர்த்த இரும்புத்தூள் கூலரின் மடிப்புகளில் தங்கியிருக்கிறது. அதைக் கழுவி முழுதாக எடுக்க முடியாது, சிறிது சிறிதாகப் புதுப் பம்புக்குள் போகும். ரிசர்வாயரிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை வெள்ளை டிஷ்யூவில் விட்டு வெயிலில் பாருங்கள். மினுமினுத்தால் கூலரையும் ரிசர்வாயரையும் சேர்த்தே மாற்றுங்கள், லைன்களைக் கழுவுங்கள், ரிட்டர்னில் கூலருக்கு முன்னால் ஒரு 3/8 காந்த ஃபில்டர் போடுங்கள். அதை முதலில் 1,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள்.